தும்பறை மலையும் அதன் குடிகளும்

மடவளையிலிருந்து வத்தேகம வழியாகப் பன்விலைக்கும் மடுல்கலைக்கும் ஏறிச் செல்லும் பாதையும், திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய என்று கிழக்கே வளைந்து பதினெட்டு வளைவுகளின் வழியாக மகியங்கனைச் சமவெளிக்கு இறங்கும் பாதையும் ஒரே மலைத்தொகுதியின் இரு பக்கங்களைத் தொட்டுச் செல்கின்றன. அம்மலையைச் சுற்றியுள்ள நாடு பாததும்பறை, மெததும்பறை, உடதும்பறை என்று இன்றும் பிரதேசப் பிரிவுகளின் பெயரில் வழங்கினாலும், மலைக்கு மட்டும் ஆங்கில நில அளவையாளர், மடக்கிய கைமுட்டியின் எலும்புப் புடைப்பைப் போன்ற சிகர வரிசையைக் கண்டு இட்ட நக்கிள்ஸ் என்னும் பெயரே நிலைபெற்றுவிட்டது. 2000ஆம் ஆண்டில் பேணற்காடாகப் பிரகடனம் பெற்று, 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஹோட்டன் சமவெளியோடும் சேர்த்து இலங்கையின் மத்திய மலைநாடு என்னும் பெயரில் 56,844 ஹெக்டேயர் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய இந்த மலையிலே, அதன் ஜீவராசிகளைக் காப்பதும் அதன் குடிகளைக் காப்பதும் ஒன்றோடொன்று பொருந்துமா என்னும் விசாரம் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. அவ்விசாரத்தின் வரலாற்றைத் தொகுத்து நோக்கி, அது எவ்விடத்தில் வழிதவறிற்று என்று கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதரை அகற்றிக் காட்டைக் காப்பது என்னும் கொள்கைக்கு உலகம் முழுவதும் மூலவிக்கிரகமாக எடுத்துக் காட்டப்படுவது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன். 1872இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, அந்நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கும் உணவு சேகரிப்புக்கும் பயன்படுத்தி வந்த ஷோஷோனி முதலிய பழங்குடியினர் நாளடைவில் வெளியேற்றப்பட்டனர். மனித வாடையே அறியாத கன்னிநிலம் என்ற கற்பனை அதன்பின்தான் அவ்விடத்திற்குச் சூட்டப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1873இல், இலண்டன் கியூ தோட்டத்தின் அதிபராயிருந்த ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின் பேரில், இலங்கை அரசினர் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிப்பதைத் தடுத்தனர். நக்கிள்ஸ் உச்சிகள் அன்று முதலே சீதோஷ்ண ஒதுக்கக்காடாக நின்றன. இவ்விரு செய்கைகளும் காலத்தால் அருகருகே நிற்பினும், நோக்கத்தால் வேறானவை. யெல்லோஸ்டோன் காட்சிக்காகக் காக்கப்பட்டது. தும்பறை உச்சியோ கோப்பிக்காகக் காக்கப்பட்டது. மலையின் தோளிலும் இடையிலும் இருந்த காட்டையெல்லாம் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் வெட்டி எரித்துக் கோப்பி நட்டவர்கள், தலையிலிருந்த காடும் போனால் மழையும் ஊற்றும் போய்த் தங்கள் கோப்பியும் போகுமே என்று அஞ்சினார்கள். கோப்பியோ ஹூக்கருக்குக் காத்திராமல், 1869இல் தோன்றிய இலைத்துரு நோயினால் அழிந்தொழிந்தது. காக்கப்பட வேண்டிய பயிர் மறைந்த பின்னும் காப்பதற்கென்று வைத்த காடு நின்றுவிட்டது என்பது, பேணல் வரலாற்றில் தற்செயலுக்கு உள்ள பங்கைக் காட்டும் ஒரு வேடிக்கை.

ஆனால் 1873க்கு முந்திய ஒரு தேதியே இம்மலைக் குடிகளின் தலையெழுத்தை நிர்ணயித்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாமற் கிடக்கும் நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும் வரையில், முடிக்கே சொந்தம் என்று அனுமானித்தது. பல ஆண்டு இடைவெளிகளுக்கு ஒருமுறை மட்டுமே விதைக்கப்படும் சேனை நிலங்களும், கண்டி மாகாணங்களில் மன்னர் அளித்த சன்னசு முதலிய ஆதாரங்கள் இல்லாவிடின், அவ்வாறே கருதப்பட்டன. எழுத்தாதாரம் வைத்திராத கிராமத்தான், தன் பாட்டன் வெட்டி எரித்து விதைத்து, மீண்டும் காடாகட்டும் என்று விட்டுவைத்த நிலத்தில், ஒரே இரவில் ஆக்கிரமிப்பாளனானான். அந்நிலமே பின்னர் சொற்ப விலைக்குத் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டது. காட்டைப் பாதுகாக்கும் சட்டம் காட்டைப் பறித்த சட்டத்தின் தோள்மேல் ஏறி நின்று பேசிற்று என்பதை நினைவிற் கொள்ளாமல், இன்றைய கிராமத்தவர் வனபரிபாலன உத்தியோகத்தரைக் கண்டவுடன் முகம் சுளிப்பதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

அதற்கு முன்பு காடு விதியின்றிக் கிடந்தது என்றும் எண்ணலாகாது. கண்டி அரசர் காலத்தில் கோடரி படக்கூடாத தஹனம் கெலே என்னும் தடைக்காடுகள் இருந்தன. தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகெலே அரச வனமாயிருந்து, 1856இல் ஒதுக்கக்காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் ஆயிற்று. அதனுள்ளே இன்றும் பௌத்த துறவிகளின் ஆரணியங்கள் இருக்கின்றன. சரணாலயத்துக்குள் மனிதர் வாழ்கின்றனரே என்று பொதுஜனங்கள் அதனை ஒரு முரண்பாடாகக் கருதுவதில்லை. யார் வாழ்கிறார், எவ்வாறு வாழ்கிறார் என்பதைப் பொறுத்தே நம் மனம் விதியைத் தளர்த்துவதும் இறுக்குவதும் என்பதற்குக் கண்டி நகரின் நடுவிலேயே சாட்சியிருக்கிறது.

மலைக்குள் உள்ள பழங்கிராமங்கள், மீமுரே, கைக்காவல, கரம்பகெட்டிய, பிட்டவல, இலுக்கும்புர முதலியவை, மூன்றுவித நிலங்களை ஒருங்கே ஆண்டு வந்தன. ஆற்றோரத்தில் படிப்படியாக வெட்டிய வயல், வீட்டைச் சூழ்ந்த தோட்டம், எட்டத்திலே சேனை. வீட்டுத் தோட்டம் என்பது பலா, பாக்கு, கித்துல், மிளகு, சாதிக்காய், கராம்பு எல்லாம் உயரத்துக்கு உயரம் அடுக்காக வளர்ந்து, அந்நியன் கண்ணுக்குக் காடாகவும் உரியவன் கண்ணுக்குக் களஞ்சியமாகவும் தோன்றும் ஒரு நிர்மாணம். மடவளையைச் சுற்றியுள்ள வளவுகளிலும் அதன் சுருங்கிய வடிவத்தை இன்றும் காணலாம். சேனையோ விவாதத்துக்குரியது. காட்டை வெட்டி எரித்துக் குரக்கனும் சோளமும் விதைத்து, ஓரிரு போகத்துக்குப் பின் கைவிட்டு, நிலம் மீண்டும் மரங்கொள்ளும் வரையில் நீண்ட காலம் காத்திருப்பதே அதன் தர்மம். நிலம் மிகுந்தும் குடி குறைந்தும் இருந்த காலத்தில் அது காட்டை மாற்றியதே யன்றி அழிக்கவில்லை. தோட்டங்கள் மேற்புறச் சரிவுகளை விழுங்கி, குடியும் பெருகி, காத்திருப்புக் காலம் குறுகியபோது, அதே சேனை மண்ணைக் கரைக்கும் தொழிலாயிற்று. சேனையை ஆதரிப்போர் முதற்பாதியை மட்டும் சொல்வர். கண்டிப்போர் பிற்பாதியை மட்டும் சொல்வர்.

இம்மலையின் விசாரம் முழுவதையும் ஒரு பயிரில் அடக்கிக் காட்ட வேண்டுமானால் அது ஏலம். ஏலச்செடிக்கு வேண்டியது உயர்ந்த மரங்களின் நிழல், ஈரமான மண், குளிர்ந்த காற்று. இம்மூன்றும் தும்பறையின் உயர்காட்டில் இயற்கையாகவே அமைந்திருந்தன. ஆகவே காட்டை வெட்டாமலே காட்டிலிருந்து வருமானம் பெற வழி கண்டதாக எண்ணி, சுதந்திரத்திற்குப் பின்வந்த தசாப்தங்களில் வனபரிபாலனத் திணைக்களமே காட்டுத் துண்டுகளை ஏலச் செய்கைக்குக் குத்தகைக்கு விட்டது. கிராமத்தவர் சிலர் குத்தகை பெற்றனர். முதலுள்ள வெளியூரார் பலரும் பெற்றனர். எஞ்சிய கிராமத்தவர் கூலிக்குப் பறித்தனர். காய்கள் மாத்தளைச் சரக்குக் கடைகளுக்கும் கண்டிக்கும் இறங்கின. கண்டி அரசின் மடிகே பத்த என்னும் போக்குவரத்துப் பிரிவில் சேவித்து, பொதிமாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் ஏற்றி மேலே சென்று, பாக்கும் மிளகும் ஏற்றிக் கீழே வந்த முஸ்லிம் குடிகளின் சந்ததியார் பலர் கண்டிச் சுற்றுவட்டத்தில் வாழ்கின்றனராதலால், மலைச்சரக்கு வியாபாரம் இப்பக்கத்துக்குப் புதியதன்று. காடு என்பது காட்டுக்குள் வாழ்வோரின் ஜீவனோபாயம் மட்டுமன்று. பல மைல் தூரத்திலுள்ள கடைவீதிகளின் அடுப்பும் அதனால் எரிந்தது.

ஆனால் ஏலத்தோட்டம் காட்டைப் போலத் தோன்றியதே தவிரக் காடாக இருக்கவில்லை. உயர்மரங்கள் நின்றன, அவற்றின் கீழே இருந்த புதரும் செடியும் மரக்கன்றுகளும் ஆண்டுதோறும் களையென்று வெட்டப்பட்டன. முதியோர் மட்டுமே இருந்து குழந்தைகளே பிறவாத ஊரின் கதி என்னவோ அதுவே அக்காட்டின் கதியுமாயிற்று. அதன்மேல், பறித்த காயைப் பதப்படுத்தி உலர்த்தக் காட்டிலேயே கட்டிய சூளைகளுக்கு விறகு அதே காட்டிலிருந்து வந்தது; செங்குத்தான சரிவுகளில் மூடுசெடி போனதால் மழை மண்ணைக் கொண்டு போயிற்று. தாவரவியலாளர் இவற்றை எடுத்துக் காட்டிய பின்னர் 1980களின் நடுப்பகுதியிலிருந்து குத்தகைகள் நிறுத்தப்பட்டன, செய்கை சட்டவிரோதமாயிற்று. கைவிட்ட தோட்டங்களிலே காடு தானாக மீளும் என்ற நம்பிக்கையும் முழுவதும் பலிக்கவில்லை. தடித்து வளர்ந்த ஏலப்புதரின் கீழ் மரக்கன்றுகள் எழும்புவது அரிதாயிருந்ததை ஆய்வுகள் பின்னர் காட்டின. இரகசியமாகக் காய் பறிப்பதும் நெடுங்காலம் ஓயவில்லை.

இவ்விடத்தில்தான் நான் இரு கட்சியாரோடும் முரண்படுகிறேன். மனிதன் கைபட்டதால் காடு கெட்டது என்பது ஒரு கட்சி. கிராமத்தவனை அப்புறப்படுத்தியதால் காடு கெட்டது என்பது மற்றொரு கட்சி. நடந்ததைக் கூர்ந்து நோக்கின், குத்தகைக் காலத்தில் எத்தனை மரக்கன்றுகளை விட வேண்டும், எச்சரிவில் நடலாகாது, விறகு எங்கிருந்து வர வேண்டும் என்பன போன்ற விதிகளைக் கிராமத்தவர் கூடி வகுத்ததும் இல்லை. அரசினர் வகுத்து நடைமுறைப்படுத்தியதும் இல்லை. குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் பங்கிருந்தது. அக்காட்டின் எதிர்காலத்தில் பங்கிருக்கவில்லை. பங்கில்லாதவன் அவசரமாகப் பறிப்பான். தடை வந்தபோதும் அதே நிலைதான்: முன்பு பணத்துக்கு விற்ற அதிகாரி பின்பு பணமின்றி மறுத்தான், அவ்வளவே. பாரம்பரியக் குடிகளோடு கூடிய பேணல் இங்கே தோற்றது என்று கூறுவோர், அது இங்கே ஒருநாளாவது பரீட்சிக்கப்பட்டதா என்பதை முதலில் காட்ட வேண்டும்.

காக்க வேண்டிய பொருள் அற்பமானதாயிருந்தால் இவ்வளவு விசாரம் வேண்டியதில்லை. 1,906 மீற்றர் உயரமுள்ள கொம்பானிய சிகரம் முதல் கிழக்கடிவாரத்து வரண்ட காடு வரையில், சில மைல் தூரத்துக்குள் முகிற்காடும், காற்றால் குறுகிய குட்டை மரக்காடும், பதனைப் புல்வெளியும், ஆற்றோரக் காடும் ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்திருக்கின்றன. மூக்கின் நுனியில் இலை போன்ற அவயவம் தாங்கிய ஓணான் இனமொன்று இம்மலையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. நீர் கசியும் பாறை முகத்தில் ஒட்டி வாழும் தவளையினமொன்றும் அத்தகையதே. குட்டை ஓணான் வகையொன்று தனியினமென்று 2006இல்தான் விஞ்ஞானிகளால் பெயரிடப்பட்டது. ஹுலு கங்கையும் ஹீன் கங்கையும் களு கங்கையும் இங்கே பிறந்து மகாவலியின் நீரைப் பெருக்குகின்றன. ஆகவே இதனைக் காக்கும் சட்டம் வேண்டாம் என்பவன் மூடன். எனினும் அந்த இலைமூக்கு ஓணானே கைவிட்ட ஏலத்தோட்டங்களின் நிழலிலும் வாழக் காணப்படுவது, மனிதன் தொட்ட காடெல்லாம் செத்த காடு என்ற சூத்திரத்தையும் சற்றே அசைக்கிறது.

குடிகளை முழுமையாக அகற்றிய உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பதினெட்டு வளைவுகளை இறங்கி மகியங்கனையைக் கடந்தால் வேடரின் ஊரான தம்பானை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது, வேடர்களின் வேட்டைக் காடுகள் பூங்காவின் எல்லைக்குள் அடங்கின. குடும்பங்கள் பல மகாவலித் திட்டத்தின் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டு, நெல்லும் நீர்ப்பாசனமும் அளிக்கப்பட்டன. தலைவர் திசாஹாமி தம் சில குடும்பங்களோடு வெளியேற மறுத்துத் தம்பானையிலேயே தங்கி, 1998இல் இறக்கும் வரையில், தம் மூதாதையரின் காட்டில் தேன் எடுப்பதற்கே குற்றவாளியாக நிற்கும் நிலையை எடுத்துரைத்து வந்தார். மாதுறு ஓயாப் பூங்காவின் உத்தேசங்களில் ஒன்று மகாவலி நீர்த்தேக்கங்களின் ஏந்துபரப்பைக் காப்பது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். அதே மகாவலித் திட்டத்தின் விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரமும் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் நீருள் மூழ்கின. அந்நீர்த்தேக்கத்தின் கரையோரமெல்லாம் 1987இல் சரணாலயமாயிற்று. அணைக்காகக் குடியை எழுப்பி, அணையைக் காப்பதற்காகக் காடு வளர்க்கும் இம்முறையை வனபரிபாலனம் என்பதா, நீர்ப்பரிபாலனம் என்பதா?

பிற தேசங்களில் வேறு வழிகள் பரீட்சிக்கப்பட்டுள்ளன. யுனெஸ்கோ 1971இல் மனிதனும் உயிர்க்கோளமும் என்னும் திட்டத்தைத் தொடங்கி, நடுவே தீண்டாத காடு, அதைச் சூழ இடைவலயம், அதற்கு வெளியே மக்கள் வாழும் வலயம் என்று வகுத்தது. இலங்கையில் ஹுருலுவும் சிங்கராசாவும் அப்பட்டியலில் 1977, 1978 ஆண்டுகளிலேயே சேர்ந்தன. வட்டத்துக்குள் வட்டமாக வரைவது எளிது. ஆனால் மீமுரே போன்ற கிராமம் மலையின் நடுமையத்திலே இருக்கும்போது அவ்வட்டங்களை எங்கே வரைவது என்பதைத் திட்டம் கூறுவதில்லை.

பிரேசில் நாட்டு அமசோனாஸ் மாகாணத்தில், சோலிமோயிஸ், ஜப்புரா என்னும் ஆறுகள் கூடுமிடத்தில் உள்ள மாமிரவா, இவ்விஷயத்தில் மிகவும் சிந்திக்கத்தக்கது. அங்கே ஓர் அரிய குரங்கினத்தை ஆராய்ந்த மார்சியோ அயிரஸ் என்னும் விஞ்ஞானியின் முயற்சியால் 1990இல் மனிதர் வாழக்கூடாத விஞ்ஞான நிலையமாக அந்தக் காடு ஒதுக்கப்பட்டது. ஆற்றோரக் குடிகளோ பல்லாயிரவர் அதனுள்ளே இருந்தனர். அவர்களை வெளியேற்றுவதற்குப் பதிலாக, 1996இல் சட்டமே மாற்றப்பட்டு, குடிகள் உள்ளேயே வாழ இடந்தரும் நிலைபேறான அபிவிருத்தி ஒதுக்கம் என்னும் புதிய வகை படைக்கப்பட்டது; 2000இல் அது பிரேசிலின் தேசியச் சட்டத்திலும் இடம்பெற்றது. அருகிக் கொண்டிருந்த பிராருக்கு என்னும் பெருமீன், மூச்சு விடுவதற்கு நீர்ப்பரப்புக்கு மேலே வருவது. அவ்வாறு வரும் மீன்களைச் செம்படவர்களே ஏரி ஏரியாக எண்ணிக் கணக்குக் கொடுக்க, அக்கணக்கில் வளர்ந்த மீன்களின் முப்பது வீதத்துக்கு மேற்படாத தொகையைப் பிடிக்க அரசு அனுமதி வழங்கிற்று. 1999இல் தொடங்கிய இம்முறையில் மீன்கள் பன்மடங்கு பெருகின. எண்ணுபவனே பிடிப்பவனும் ஆனால் பொய்க்கணக்குத் தருவானே என்ற சந்தேகம் எழுவது இயல்பு. ஆனால் பொய்க்கணக்கால் மறுவருஷம் வெறும் ஏரியில் நிற்கப்போகிறவனும் அவனே.

நமக்கு அண்மையில், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள், 2006ஆம் ஆண்டு இந்திய வன உரிமைச் சட்டத்தின்கீழ், 2011இல், புலிகள் காப்பகமாகிவிட்ட தம் காட்டிலேயே சமுதாய உரிமை பெற்றனர். முன்பு தாங்கள் இட்டுவந்த சிறு சருகுத் தீ தடுக்கப்பட்ட பிறகே உண்ணிச்செடி காடெங்கும் பரவிற்று என்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகிற்று என்றும் அவர்கள் சொல்லி வந்தனர். காட்டுத் தீயென்றால் கேடு என்றே கற்ற உத்தியோகத்தர் அதை ஏற்க நெடுநாள் சென்றது. குடியின் வாய்மொழி எல்லாம் சாஸ்திரம் என்று நான் கொண்டாட மாட்டேன். ஆயினும் பரிசோதிக்காமலே அதைத் தள்ளுவதும் சாஸ்திரமாகாது.

இனி, இவ்விஷயத்தில் எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு ஜனத்தொகுதிக்கு வருகிறேன். மடுல்கலை, களேபொக்க, ஹுன்னஸ்கிரிய, ரங்கல முதலிய தோட்டங்களின் லயங்களில் வாழும் தமிழர், நக்கிள்ஸ் காட்டின் மேற்கு, தெற்கு எல்லைகளிலே தலைமுறைகளாகக் குடியிருக்கின்றனர். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து, வழியெங்கும் நோயால் மடிந்து, எஞ்சி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பலர் கடல் கடந்து, 2003ஆம் ஆண்டில்தான் எஞ்சியவரின் பிரச்சினை சட்டத்தில் முடிந்தது. மலைக்குள் உள்ள சிங்களக் கிராமத்தை அவர்கள் நாடு என்றே வழங்குவர். தாம் இருப்பது தோட்டம். மேலே காடு, கீழே நாடு, நடுவே தேயிலை. இம்மூன்றில் எதிலும் அவர்களுள் பெரும்பாலோருக்கு ஒரு முழ நிலம் சொந்தமில்லை. குடிநீர் காட்டு ஊற்றிலிருந்து குழாயில் இறங்குகிறது. விறகும் காட்டோரத்திலிருந்தே வருகிறது. அரசத் தோட்டங்களில் பல நலிந்து தேயிலை புதராய்ப் போன இடங்களில், கூலி நாட்கள் குறையக் குறைய, காட்டோடு அவர்களுக்குள்ள தொடர்பு பெருகுகிறதே தவிரக் குறையவில்லை.

உலக மாநாடுகள் இப்போது குடிகளின் உரிமையைப் பேசுகின்றன. 2003இல் டர்பனில் கூடிய பூங்காக்கள் மாநாடு அதை ஏற்றது. 2022 டிசம்பரில் மொன்றியலில் முடிவான உடன்படிக்கை, 2030க்குள் பூமியின் நிலத்திலும் கடலிலும் முப்பது வீதத்தைக் காக்க வேண்டும் என்று கூறுகையில் பழங்குடியினரின் உரிமையையும் உள்ளூர்ச் சமூகங்களின் உரிமையையும் சேர்த்தே கூறுகிறது. ஆனால் பாரம்பரியம் என்பதை எத்தனை தலைமுறை கொண்டு அளப்பது? பழங்கதையின் இயக்கர் அரசி குவேனியின் வம்சமென்று ஐதிகம் பேசும் மீமுரேயார் பாரம்பரியக் குடிகள் என்பதை எவரும் மறுப்பதில்லை. நூற்றைம்பது ஆண்டாக அதே ஊற்றுநீர் குடிப்பவர் எந்த வகுப்பில் சேர்வர்? தொன்மையைக் கொண்டு உரிமையை அளந்தால், காட்டைச் சார்ந்து வாழ்வோரில் மிக வறியவரே கணக்குக்கு வெளியே நிற்பர். சார்பைக் கொண்டு அளப்பதே முறை என்பது என் துணிபு.

மீமுரேயில் இன்று வேறொரு மாறுதல் நிகழ்கிறது. நகரத்து இளைஞர் வார இறுதிகளில் லக்கெகல பாறையின் அடியில் கூடாரமிட வருகின்றனர். கிராமத்து வீடுகள் விருந்தகங்களாகின்றன. சேனை வெட்டியவனின் மகன் வழிகாட்டியாகிறான். கையில் பணம் புழங்குகிறது, அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அரசாங்கம் ஒரே குடியை முதலில் ஆக்கிரமிப்பாளன் என்றும், பின்னர் குத்தகைக்காரன் என்றும், இப்போது வழிகாட்டி என்றும் அழைத்திருக்கிறதே யல்லாமல், காட்டின் பரிபாலனத்தில் பங்காளி என்று இதுவரை அழைக்கவில்லை. உல்லாசப் பிரயாணி விட்டுச் செல்லும் பிளாஸ்டிக் குப்பையைத் தடுக்கும் அதிகாரம்கூட அக்கிராமத்தவன் கையில் இல்லை.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், பெரிய சட்டங்களுக்குக் காத்திராமல், எண்ணக்கூடிய பொருள்களிலிருந்து தொடங்கலாம் என்பேன். கிழக்குக் கிராமங்களில் கித்துல் மரங்கள்: எத்தனை நிற்கின்றன, எத்தனை சீவப்படுகின்றன, எத்தனை கன்றுகள் எழும்புகின்றன என்று பாணி காய்ச்சுவோரே ஆண்டுதோறும் கணக்கெடுக்க, திணைக்களம் ஒரு பகுதியைச் சரிபார்த்து, அக்கணக்கின்படியே அனுமதி தரலாம். கைவிட்ட ஏலத்தோட்டங்களில் புதரை அகற்றி நாட்டுமரக் கன்றுகளை வளர்க்கும் கூலியை, முன்பு அங்கே ஏலம் பறித்த கிராமங்களுக்கே கொடுக்கலாம். மேற்குத் தோட்டங்களில் விறகுக்கென்றே நலிந்த தேயிலை நிலத்தில் மரம் வளர்த்து, காட்டோரத்து ஊற்றுகளின் காவலை லயங்களிடம் ஒப்படைக்கலாம். இவற்றுக்கென அமையும் சபைகளில் கிராமத் தலைவரும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் ஆசனம் பெறுவது எளிதாக நடந்துவிடும். மலையேறி விறகு சுமப்பவர் தோட்டத்துப் பெண்களாதலால், விறகுக் கணக்கில் கையொப்பமிடும் உரிமையை முதலில் அவர்களுக்கே கொடுக்க வேண்டும்.